"இதெல்லாம் டாக்டர்களுக்குத்தானே மேடம்?"

மருத்துவக் கல்லூரியில் செய்திக்குப் பஞ்சமே கிடையாது. இடமாறுதல் கலந்தாய்வு எப்போது, பதவி உயர்வுப் பட்டியலில் யார் பெயர், அகவிலைப்படி எத்தனை சதவீதம் என்பதெல்லாம் ஆணை வெளிவரும் முன்பே கேன்டீனில் அலசப்பட்டுவிடும். 2025 மே மாதம் முதல் ஆசிரியர்களின் வருகைப்பதிவு முகம் காட்டும் செயலியில்தான் என்று தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தபோது, ஒரே ராத்திரியில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் ஓர் ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்கலாம், ஒரு பயிற்சியில் இடம் இருக்கிறது, ஒரு ஃபெலோஷிப் திறந்திருக்கிறது என்ற செய்தி மட்டும் சேர வேண்டியவரிடம் சேருவதே இல்லை. சேர்ந்தாலும் கடைசித் தேதி முடிந்திருக்கும்.

நான் சமூக மருத்துவத் துறையில் இணைப் பேராசிரியர். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்துவைக்கப்பட்டன அல்லவா, 1,450 எம்பிபிஎஸ் இடங்களுடன்? அவற்றில் ஒன்றில் வேலை. அதற்கு முன் பழைய பெரிய கல்லூரியிலும் இருந்திருக்கிறேன். இப்போது மருத்துவக் கல்விப் பிரிவும் என் பொறுப்பில் இருப்பதால் இந்தச் செய்திகளோடுதான் தினமும் பொழுது போகிறது.

ஓர் அறிவிப்பு எந்த வழியில் பயணம் செய்கிறது என்று சொல்கிறேன். நான் வேலை பார்த்த எல்லா இடத்திலும் இதே வழிதான். கடிதம் டீன் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் வரும். அதை அச்செடுத்து, தபால் பிரிவில் முத்திரை குத்திப் பெறுதல் எண் போடுவார்கள். நிர்வாக அலுவலர் பார்த்த பிறகு டீன் மேஜைக்குப் போகும். டீன் பச்சை மையில் 'அனைத்துத் துறைத் தலைவர்களுக்கும்' என்று எழுதிச் சுருக்கொப்பம் இடுவார். பிறகு அது சுற்றறிக்கை நோட்டில் ஒட்டப்படும். நீள நோட்டு, காலிகோ அட்டை, உள்ளே கோடு போட்டுத் துறைகளின் பெயர்கள்: உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் என்று வரிசையாக, ஒவ்வொன்றின் எதிரிலும் கையெழுத்துக்கும் தேதிக்கும் இடம். அலுவலக உதவியாளர் அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறுவார். ஒரு துறைத் தலைவர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தால் நோட்டு அவர் மேஜையில் காத்திருக்கும். இன்னொருவர் வெளியூரில் தேர்வு நடத்தப் போயிருப்பார். அங்கே மூன்று நாள். கையெழுத்துகளுக்கு எதிரே உள்ள தேதிகளைப் பார்த்தாலே நோட்டு எங்கே எவ்வளவு நாள் தங்கியது என்று தெரிந்துவிடும்.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. தேர்வுப் பணி, கல்லூரியைப் பார்வையிடும் குழுவின் வருகை மாதிரி துறைத் தலைவருக்குத் தெரிந்தால் போதும் என்கிற விஷயங்களுக்காக உருவான நோட்டு அது. வாய்ப்புகள் அப்படியல்ல. துறைத் தலைவர் கையெழுத்துப் போட்ட இடத்திலேயே அந்தச் செய்தி முடிந்துவிட்டால், டியூட்டருக்கும் சீனியர் ரெசிடென்டுக்கும் (முதுநிலை முடித்து மருத்துவமனைப் பணியில் இருப்பவர்) புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியருக்கும் அது தெரியப்போவதில்லை. லேப் டெக்னீஷியன், நூலகர், செவிலியர், மருத்துவ சமூகப் பணியாளர் ஆகியோரோ நோட்டின் பாதையிலேயே இல்லை.

அதனால் திங்கட்கிழமை காலையில் மருத்துவ ஆணையம், ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்), மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறை, நமது மருத்துவக் கல்வி இயக்ககம், எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகம் என்று தளங்களை ஒரு சுற்றுப் பார்த்து, ஒரே ஒரு தாளில் எழுதி ஒட்டுகிறேன். ஆசிரியர் அறை, மத்திய ஆய்வகம், நூலக வாசல், செவிலியர் கண்காணிப்பாளர் அறை என்று நான்கு இடங்கள். ஒவ்வொரு அறிவிப்பிலும் முதல் வரி 'யாருக்கு' என்பதுதான். திட்டத்தின் பெயர், நிறுவனத்தின் பெயர் எல்லாம் அடுத்த வரியில். 'முதுநிலை முடித்து ஐந்தாண்டுக்குள் இருப்பவர்களுக்கு', 'டிஎம்எல்டி (ஆய்வக டிப்ளமோ) முடித்த டெக்னீஷியன்களுக்கு', 'குழந்தை வளர்ப்புக்காகப் பணியில் இடைவெளி விட்ட பெண் மருத்துவர்களுக்கு' என்று எழுதினால் நின்று படிக்கிறார்கள். 'மனித வள மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ்' என்று ஆரம்பித்தால் தாண்டிப் போய்விடுகிறார்கள். வாட்ஸாப்பிலும் போடுகிறேன், ஆனால் நூறு 'குட் மார்னிங்' படங்களுக்கு நடுவே அது எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். தாள்தான் நிற்கிறது.

சரி, இப்போது அந்தத் தாளில் இருப்பவற்றில் எனக்கு முக்கியமாகப் படுபவை.

முதலில், 'ஒரே நாடு ஒரே சந்தா'. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்து, 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த திட்டம். மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்கள் 6,300-க்கு மேல். எல்சேவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி உட்பட 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். என்னைக் கேட்டால் அரசுக் கல்லூரி ஆசிரியர்களுக்கு இத்தனை ஆண்டுகளில் வந்த செய்திகளில் இதுதான் பெரியது. இதற்கு முன்னால் எப்படி இருந்தோம்? ஒரு கட்டுரை வேண்டுமென்றால் சுருக்கம் மட்டும் திறக்கும். முழுக் கட்டுரைக்கு முப்பது, நாற்பது டாலர் கேட்கும். இங்கிலாந்தில் இருக்கும் பேட்ச்மேட்டுக்குச் செய்தி அனுப்பி, அவர் டியூட்டி முடிந்து பிடிஎஃப் அனுப்பும்வரை காத்திருப்போம். பிஜி மாணவர்கள் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுத் தீஸிஸில் மேற்கோள் காட்டுவார்கள். கேட்டால் வேறு என்ன செய்வது மேடம் என்பார்கள். பதில் சொல்ல முடியாது.

இந்த விஷயத்தில் நாம் நன்றி சொல்ல வேண்டியவர் நூலகர். கல்லூரியின் பெயரில் பதிவு, இணைய முகவரிகளைச் சரியாகக் கொடுப்பது, வீட்டிலிருந்தும் படிக்க இன்ஃபெட் கணக்கு உருவாக்கித் தருவது எல்லாம் அவர் கையில். எங்கள் நூலகர் ஒரு சிறிய செய்முறை விளக்கம் நடத்தினார், மத்தியானம் இரண்டு மணிக்கு. வந்தவர்கள் குறைவு. ஆனால் வந்தவர்களில் ஒரு பிசியோதெரபிஸ்ட், பக்கவாத நோயாளிகளின் தோள்பட்டை வலியைப் பற்றித் தேடி, கல்லூரிக் கணினியில் முழுக் கட்டுரை திறந்ததும் எழுந்து நின்றுவிட்டார். "இத்தனை நாள் யூட்யூப் பார்த்துத்தான் சார் கத்துக்கிட்டு இருந்தேன்" என்றார் நூலகரிடம். உங்கள் கல்லூரியில் இது வந்திருக்கிறதா என்று தெரியாவிட்டால் இன்றைக்கே நூலகத்துக்கு ஒரு நடை போய்க் கேளுங்கள்.

அடுத்தது பிசிபிஆர், அதாவது உயிர்மருத்துவ ஆராய்ச்சிக்கான அடிப்படைப் பாடம். பிஜி மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கட்டாயம் என்பதால் எல்லோருக்கும் பெயர் தெரியும். சென்னை அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் தயாரித்து, என்பிடெல் என்ற இணையப் பாடத் தளம் வழியாக நடத்துகிறது. விரிவுரைகளைக் கேட்டு ஒப்படைப்புகளில் 50 சதவீதம், கடைசியில் மையத்துக்குப் போய் எழுதும் தேர்வில் 50 சதவீதம் வாங்க வேண்டும். பெரும்பாலோர் காணொளியை ஓடவிட்டு, வினாக்களுக்கு மட்டும் விடை தேடி, சான்றிதழை எடுத்துப் பணிப்பதிவேட்டில் சேர்த்துவிடுகிறார்கள். வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் அந்தப் பாடம் உண்மையிலேயே நன்றாகச் செய்யப்பட்டது. ஆய்வுக் கேள்வியை எப்படி எழுதுவது, எத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்று எப்படிக் கணக்கிடுவது, நோயுள்ளவரை நோயில்லாதவரோடு ஒப்பிடும் கேஸ்-கன்ட்ரோல் ஆய்வில் கன்ட்ரோலை எங்கிருந்து எடுப்பது என்பதையெல்லாம் களத்தில் வேலை செய்தவர்கள் சொல்கிறார்கள். நாம் பிஜி படித்த காலத்தில் இதைச் சொல்லித்தர ஆளே இல்லை. மாதிரி அளவு பற்றிய விரிவுரையை மட்டுமாவது பேனாவும் பேப்பரும் எடுத்துக்கொண்டு கேளுங்கள். ஆய்வுகளுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியும், திருப்பி அனுப்பப்படும் ஆய்வுத் திட்டங்களில் பாதி அங்கேதான் தடுக்கி விழுகின்றன.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஓர் எச்சரிக்கை. பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரை வேண்டும் என்ற விதியால், 'மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே, உங்கள் அரிய கட்டுரையை எதிர்பார்க்கிறோம், ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம்' என்று மின்னஞ்சல் அனுப்பும் கும்பல்களுக்கு நல்ல அறுவடை. ஒரு வாரத்தில் யாராலும் ஒரு கட்டுரையைப் படித்துத் திருத்தி வெளியிட முடியாது. பணம் கட்டும் முன் அந்த ஆய்விதழ் மெட்லைன், ஸ்கோப்பஸ், டிஓஏஜே போன்ற பட்டியல்களில் உண்மையிலேயே இருக்கிறதா என்று அந்தப் பட்டியலின் தளத்திலேயே போய்ப் பாருங்கள். ஆய்விதழ் தன் பக்கத்தில் போட்டிருக்கும் சின்னத்தை நம்பாதீர்கள். சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த பணம் அது.

மருத்துவக் கல்விப் பயிற்சி பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, அது என் வேலையே. எப்படிக் கற்பிப்பது என்று ஆசிரியர்களுக்குச் சொல்லித்தரும் மூன்று நாள் அடிப்படைப் பயிற்சி. ஆணையத்தின் மண்டல மையத்திலிருந்து ஒரு பார்வையாளர் வருவார். மூன்று நாள் வார்டை விட்டு வர வேண்டுமா என்ற முகத்தோடுதான் முதல் நாள் எல்லோரும் உட்காருவார்கள். போன பயிற்சியில் ஒரு மூத்த அறுவை சிகிச்சை நிபுணர் இருந்தார். பல ஆண்டுகள் மாவட்ட மருத்துவமனையில் இருந்துவிட்டு ஆசிரியப் பணிக்கு வந்தவர். கற்றல் குறிக்கோள் எழுதச் சொன்னபோது, 'மாணவர் ஹெர்னியாவைப் பற்றி நன்கு அறிந்திருக்க வேண்டும்' என்று சார்ட்டில் பெரிதாக எழுதினார். குழுவில் இருந்த இளம் உடலியங்கியல் உதவிப் பேராசிரியர், "அறிஞ்சிருக்கான்னு நமக்கு எப்படிச் சார் தெரியும்?" என்று மெதுவாகக் கேட்டார். மூத்தவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அந்த வரியை அடித்துவிட்டு எழுதினார்: 'மாணவர் நோயாளியின் அனுமதி பெற்று, மறைப்பு வைத்து, நோயாளியை நிற்க வைத்து இருமச் சொல்லி, வீக்கம் இருமலோடு தள்ளுவதைக் கையால் உணர்ந்து காட்ட வேண்டும்.' அதில் 'மறைப்பு வைத்து' என்பதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. முப்பது பேர் படுத்திருக்கும் பொது வார்டில் வேலை செய்த அனுபவம் அது. 1990-இல் மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் வரைந்த பிரமிடில் தெரிந்திருப்பதற்கு மேல் செய்துகாட்டுவதை வைத்தார். அதை ஸ்லைடில் காட்டி நான் அரை மணி நேரம் விளக்குவதை அந்த ஒரு வரி விளக்கிவிட்டது.

இதனால்தான் 2025-இல் வந்த ஆசிரியர் தகுதி விதிகளை நான் வரவேற்கிறேன். 220 படுக்கைகளுக்கு மேல் உள்ள அரசு மருத்துவமனைகளில் பத்தாண்டு அனுபவமுள்ள நிபுணர்கள் இணைப் பேராசிரியர் ஆகலாம், இரண்டாண்டு அனுபவமுள்ளவர்கள் சீனியர் ரெசிடென்ட் பணி செய்யாமலே உதவிப் பேராசிரியர் ஆகலாம், பிசிபிஆர் பாடத்தை இரண்டாண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று அந்த விதிகள் சொல்கின்றன. தரம் குறையும் என்று கவலைப்படுபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கவலையில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கற்பிப்பது தனித் திறமை, அறுவை சிகிச்சை நன்றாகச் செய்வதால் மட்டும் வந்துவிடாது. ஆனால் அதற்குத்தான் இந்த மூன்று நாள் இருக்கிறது. மாவட்ட மருத்துவமனை நண்பர்களே, இந்த விதியைப் படியுங்கள். உங்களில் பலருக்கு இது வந்திருப்பதே தெரியாது என்று பேசும்போது புரிகிறது. உங்கள் அனுபவச் சான்றிதழ்களை இப்போதே வாங்கி வையுங்கள். ஓய்வு பெற்றுப் போன கண்காணிப்பாளரைத் தேடி அலையும் நிலை வேண்டாம்.

அடிப்படைப் பயிற்சியோடு நிற்க மனமில்லாதவர்களுக்கு, வேலூர் சிஎம்சி போன்ற மையங்கள் நடத்தும் உயர்நிலைப் பயிற்சி இருக்கிறது. ஏறத்தாழ ஓராண்டு, ஒரு கல்விச் செயல்திட்டத்தோடு. கோவை பிஎஸ்ஜி-யில் 2007-இல் தொடங்கிய ஃபைமர் என்ற மருத்துவக் கல்வி ஃபெலோஷிப் இரண்டாண்டு. வேலையை விடாமலே செய்யலாம்.

இனி பணம். ஐசிஎம்ஆர் வெளி நிறுவனங்களின் ஆய்வுக்குத் தரும் நிதியில் 'சிறிய' திட்டம் என்பதன் உச்சவரம்பே 2 கோடி ரூபாய். அதைக் கேட்டவுடனே புதிய கல்லூரி ஆசிரியர்கள் பின்வாங்கிவிடுகிறார்கள்: நம்மிடம் பிசிஆர் கருவி இல்லை, ஃப்ளோ சைட்டோமெட்ரி கருவி இல்லை, நமக்கு எதற்கு என்று. அவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது, உச்சவரம்பு என்பது கேட்டே ஆக வேண்டிய தொகை இல்லை. இன்னொன்று, நம் மாநிலத்தில் நடந்த மிக முக்கியமான ஓர் ஆய்வுக்கு வேண்டியிருந்தது ஒரு நல்ல கேள்வி.

1956-இல் சென்னையில் காசநோய் வேதிசிகிச்சை மையம் தொடங்கியது. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் முன்னோடி. அன்றைக்குக் காசநோய் என்றால் சானடோரியம், அதாவது நோயாளிகளை நெடுநாள் தங்கவைக்கும் மருத்துவமனை. படுக்கையோ போதாது. அவர்கள் கேட்ட கேள்வி: ஏழை நோயாளி தன் நெருக்கடியான வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டால் குணமாவாரா? 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள், ஒரு பாதி வீட்டில், ஒரு பாதி சானடோரியத்தில். மருந்து இருவருக்கும் ஒன்றே. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்றோட்டம். 1959-இல் முடிவு வெளியானபோது வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். குடும்பத்தினருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சை வீட்டுக்கு வந்தது இதற்குப் பிறகுதான். அந்த ஆய்வு நின்றது வீடு தேடிப் போய், மருந்து சாப்பிட்டார்களா என்று பார்த்துக் குறித்துக்கொண்டு வந்த களப் பணியாளர்களின் காலில்.

அவ்வளவு பழைய கதை வேண்டாம் என்றால் 2022-இல் நம் மாநிலத்தில் ஆரம்பித்த காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைப் பாருங்கள். நோய் கண்டறிந்தவுடனே உயரம், எடை, விரலில் மாட்டும் கருவியில் ஆக்ஸிஜன் அளவு, மூச்சு எண்ணிக்கை, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்ற கேள்வி. இவற்றை வைத்து ஆபத்தில் இருப்பவரைப் பிரித்து உடனே வார்டில் சேர்க்கிறார்கள். இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் மருத்துவர் அல்லாத ஊழியர்கள். எந்தப் புதிய கல்லூரியிலும் எடைக் கருவி இருக்கிறது.

இந்த இரண்டையும் ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் மத்திய ஆய்வகத்து அக்கா ஒருவருக்காக. நான் தாள் ஒட்டும்போது பக்கத்தில் நின்று படித்துவிட்டு, "இதெல்லாம் டாக்டர்களுக்குத்தானே மேடம்?" என்று கேட்டார். இல்லை அக்கா என்றேன். நம்பவில்லை. பிறகு பேச்சுவாக்கில், எந்த வார்டிலிருந்து வரும் ரத்த மாதிரி சிதைந்து வருகிறது என்று ஒரு பழைய டைரியில் குறித்து வைத்திருப்பதாகச் சொன்னார். எடுத்துக் காட்டினார். தேதி, நேரம், வார்டு, எடுத்தது யார் ஷிப்டில், என்ன ஆயிற்று. சிரிஞ்சில் எடுத்த ரத்தத்தை ஊசியைக் கழற்றாமல் வேகமாகக் குழாய்க்குள் தள்ளினாலும், மெல்லிய ஊசியில் உறிஞ்சினாலும், குழாயைக் குலுக்கினாலும் சிவப்பணு உடைந்துவிடும். பொட்டாசியம் கூடுதலாகக் காட்டும். டாக்டர் மறுபடி எழுதுவார், நோயாளிக்கு மறுபடி ஊசி. அந்த டைரியில் ராத்திரி ஷிப்டின் பக்கங்கள்தான் அடர்த்தியாக இருந்தன. இது ஆய்வில்லாமல் வேறு என்ன? முதுகலை முடித்தவர்கள் தலைப்பு தேடி அலைகிறார்கள், இவர் யாரும் கேட்காமலே தரவு சேர்த்து வைத்திருக்கிறார்.

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்கி, உயிர்வேதியியல் ஆசிரியர் ஒருவரையும் செவிலியர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு அதை முறையாகச் செய்தோம். கல்லூரி ஆய்வு நாளில் போஸ்டருக்குப் பக்கத்தில் நின்று விளக்கியவர் அக்காதான். இனி கட்டுரையாக எழுத வேண்டும். அவர் பெயர் ஆசிரியர் வரிசையில் இருக்கும். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். யோசனையிலோ தரவிலோ பங்களித்து, வரைவைப் படித்துத் திருத்தி, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்து, அதற்குப் பொறுப்பும் ஏற்பவர் ஆசிரியர் என்பதுதான் மருத்துவ ஆய்விதழ்களின் சர்வதேச விதி. பட்டம் என்னவென்று அது கேட்கவில்லை. டெக்னீஷியனை நன்றியுரையில் ஒரு வரியில் முடித்துவிட்டு, ஆய்வைப் பார்க்காதவர் பெயரை நடுவில் செருகுவது நம்மிடம் வழக்கமாகிவிட்டது. அது திருட்டு.

ஆய்வக நண்பர்களுக்கு இன்னொரு செய்தி. 2021-இல் வந்த இணை மருத்துவப் பணிகளுக்கான தேசிய ஆணையச் சட்டம், நர்சிங் கவுன்சில் போல உங்களுக்கும் ஒரு பதிவேட்டைக் கொண்டுவருகிறது. அந்தச் சட்டத்தின் வரையறையில், இணை மருத்துவப் பணியாளர் என்பவர் இரண்டு முதல் நான்காண்டுகளில் குறைந்தது 2,000 மணிநேரம் படித்த டிப்ளமோ அல்லது பட்டம் பெற்றவர். நம் கல்லூரிகளில் ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்போடு பணிக்கு வந்து, பல ஆண்டு அனுபவத்தோடு இருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களைத்தான் இந்த வரையறை நேரடியாகத் தொடுகிறது. அதனால் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பணி நியமன ஆணை, பணிப்பதிவேட்டின் நகல் எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள். உங்கள் சங்கத்தில் இதைப் பேசுங்கள். முடிந்தவர்கள் மேற்படிப்புக்கு இப்போதே அனுமதி கேளுங்கள். மாநிலக் கவுன்சிலின் அறிவிப்பு எது வந்தாலும் மத்திய ஆய்வகக் கதவில் அன்றைக்கே ஒட்டிவிடுகிறேன்.

டிப்ளமோ முடித்த செவிலியர்களுக்கு போஸ்ட் பேசிக் பிஎஸ்சி என்ற மேற்படிப்பு இருக்கிறது. பணியில் இடைவெளி விட்ட பெண் ஆய்வாளர்களுக்கு சுகாதார ஆராய்ச்சித் துறையின் தனி ஃபெலோஷிப் இருக்கிறது. பிஎச்டி செய்ய ஆசைப்படும் இளம் ஆசிரியர்களுக்கு ஐசிஎம்ஆரும் அக்ஸிர் என்ற அறிவியல் ஆராய்ச்சிக் கல்வி நிறுவனமும் சேர்ந்து ஒரு திட்டம் வைத்திருக்கின்றன. விவரம் வேண்டுபவர்கள் தனியாகக் கேளுங்கள்.

எல்லோரும் கேட்கும் ஒரு கேள்விக்குப் பதில்: பயிற்சிக்குப் போக ஓடி (ஆன் டியூட்டி, அதாவது பணியில் இருப்பதாகவே கணக்கிடும் அனுமதி) கிடைக்குமா? கிடைக்கும், கேட்கும் விதத்தில் கேட்டால். தேர்வான பிறகு ஓடிவராமல், அறிவிப்பு வந்த அன்றே துறைத் தலைவர் வழியாக டீனுக்குக் கடிதம் கொடுங்கள். அறிவிப்பின் நகலை இணைத்து, அந்த நாட்களில் உங்கள் வகுப்பை யார் எடுப்பார், டியூட்டியை யார் பார்ப்பார் என்று அவர்கள் கையெழுத்தோடு எழுதுங்கள். அலுவலகத்தில் கோப்பு நகராமல் கிடப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த மாற்று ஏற்பாடு இல்லாததுதான். டெக்னீஷியன்களுக்கும் செவிலியர்களுக்கும் இதே வழிதான், பொறுப்பாளர் வழியாக.

கடைசியாக ஐசிஎம்ஆர் எஸ்டிஎஸ், எம்பிபிஎஸ் மாணவர்களுக்கான குறுகிய கால ஆய்வு உதவித்தொகை. 1979-இலிருந்து நடக்கிறது. இரண்டு மாத ஆய்வு. மாணவர்களுக்கானது என்று ஆசிரியர்கள் ஒதுங்கிவிடுகிறீர்கள், ஆனால் வழிகாட்டி இல்லாமல் எந்த மாணவரும் விண்ணப்பிக்க முடியாது. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் ஆர்வமாக என் அறைக்கு வந்து, "வழிகாட்ட யாரும் ஒத்துக்கல மேடம்" என்று திரும்பிப் போகிறார்கள். பதிவு திறப்பதற்கு முன்பே தலைப்பும் நெறிமுறைக் குழு விண்ணப்பமும் தயாராக இருக்க வேண்டும். வழிகாட்ட விருப்பமுள்ளவர்கள், தலைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்த வாரத்துக்குள் பெயர் கொடுங்கள். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் துறையில்தான் இருப்பேன்.